புக்கிட் மேராவின் வரவு செலவு

ஜார்ஜ் டவுனில் 1969இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தொடங்கியது. 1977இல் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பிறந்தது. 2019 மே 17ஆம் தேதி மறையும்வரை இரண்டையும் வழிநடத்தியவர் எஸ்.எம். முகமட் இட்ரிஸ். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுத் தலைமை. அந்தத் தலைமையில் இரக்கம் எவ்வளவு இருந்தது என்று பார்க்க ஒரு வழக்கு போதும்.

பேராக்கில், ஈப்போவுக்கு அருகே இருக்கிறது புக்கிட் மேரா. பினாங்கிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பெரும்பாலும் சீனர்கள் வாழும் ஊர். 1982 முதல் அங்கே ஏசியன் ரேர் எர்த் என்ற அரிய மண் தனிம ஆலை இயங்கியது. அதன் கழிவில் கதிரியக்கத் தோரியம். 1985இல் ஊர்க்காரர்கள் 8 பேர் வழக்குப் போட்டார்கள். ஆலையின் பங்குதாரர்களில் ஒன்று ஜப்பானின் பெரும் நிறுவனமான மிட்சுபிஷி. இட்ரிஸின் அமைப்புகள் அந்த 8 பேர் பக்கம் நின்றன. சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் வழக்காடினார்.

அந்த ஊரிலிருந்து இட்ரிஸுக்கு ஓட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை நான் பெரிதாக எண்ணுகிறேன். ஏனென்றால், தன் இனத்தார்மீது மட்டும் இரக்கம் காட்டும் தலைவர்கள் நம்மிடம் ஏராளம்.

1985 அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987இல் ஆலை மீண்டும் ஓடியது. 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. ஏறக்குறைய 9 ஆண்டுகள் போராடிச் சட்டப்படி தோற்றார்கள். ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

ஆலை இருந்த இடத்தின் துப்புரவுக்கு மட்டும் சுமார் 100 மில்லியன் அமெரிக்க டாலர் என்று 2011இல் செய்தி வந்தது. அள்ளிய மாசுப்பொருள் 11,000 லோரிச் சுமை. புதைக்க வேண்டிய கழிவு 80,000 உருக்குப் பீப்பாய்களுக்கு மேல். ஊர்ப் பள்ளிகளுக்கு மிட்சுபிஷி தந்த நன்கொடை 164,000 டாலர், அதுவும் ஊர்க்காரர்களின் நோய்களுக்குத் தான் பொறுப்பல்ல என்று சொல்லிக்கொண்டே. மண்ணுக்குச் செலவானதில் 600இல் ஒரு பங்குகூட மக்களுக்கு வரவில்லை. புகார் எழுந்த நாளிலேயே காதுகொடுத்திருந்தால் அந்த மண்ணை இவ்வளவு அள்ள வேண்டியிருந்திருக்காது.

அடுத்த முறை உங்கள் சங்கத்துக்கோ தொகுதிக்கோ தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: முறையிட்டு வந்த எளியவரோடு இவர் எத்தனை ஆண்டு நின்றார்?