கேள்வி குறையும்போது தேங்கும் சரக்கே பெரிய நட்டம்

வியாபாரத்தில் பொருட்கள் இரண்டு வகைப்படும். அரிசி, சீனி, பருப்பு போன்றவற்றை கையில் காசு குறைந்தாலும் மக்கள் வாங்கியே ஆகவேண்டும். கணனி, தளபாடம், குளிர்சாதனப் பெட்டி போன்றவை அப்படியல்ல. பழையதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் சமாளிக்கலாம். பொருளாதார மந்தம் வரும்போது முதலில் அடிபடுவது இந்த இரண்டாம் வகைதான். 2001ஆம் ஆண்டு கணனிச் சந்தைக்கு நேர்ந்தது இதற்கு நல்ல உதாரணமாகும்.

1985க்குப் பின்னர் முதல் தடவையாக அந்த வருடம் உலகக் கணனி விற்பனை குறைந்தது. விற்பனையானவை ஏறத்தாழ 13 கோடி. இது முந்திய வருடத்தை விட சுமார் 4 வீதம் குறைவு. நாலு வீதம் தானே என்று எண்ண வேண்டாம். வழமையாக பத்து வீதத்துக்கு மேல் வளரும் என்று கணக்குப் போட்டுத் தொழிற்சாலையும் சரக்கும் ஏற்பாடு செய்திருந்தவர்களுக்கு அது பலத்த அடி.

காரணங்கள் மூன்று. ஒன்று, 2001 மார்ச் மாதம் அமெரிக்காவில் தொடங்கிய மந்தம். இரண்டு, 2000ஆம் ஆண்டுத் திகதிப் பிரச்சினைக்குப் பயந்து கம்பனிகள் 1999 இலேயே புதுக் கணனிகளை வாங்கி முடித்திருந்தன. நாளைய விற்பனை நேற்றே நடந்து விட்டது. மூன்று, இணையக் கம்பனிகள் பல மூடப்பட்டதால் பெரிய வாடிக்கையாளர்கள் காணாமற் போயினர்.

இங்கே கவனிக்க வேண்டியது சரக்கின் தன்மை. துணி மூட்டை ஆறு மாதம் கிடந்தாலும் ஓரளவு விலை போகும். கணனி அப்படியல்ல. புதிய மாதிரி வந்ததும் பழையதன் விலை இறங்கிவிடும். களஞ்சியத்தில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் நட்டம்தான். வலையமைப்புச் சாதனங்கள் செய்யும் சிஸ்கோ கம்பனி, 2001 இல் தேங்கிய சரக்குக்காக மாத்திரம் 200 கோடி டொலருக்கு மேல் நட்டக் கணக்கு எழுதியது.

அதே சந்தையில் டெல் கம்பனி விலையைக் குறைத்து உலகின் முதலாவது கணனி விற்பனையாளராக முன்னேறியது. ஓடர் வந்த பின்பே கணனியைப் பொருத்துவது அதன் முறை. கைவசம் இருந்த சரக்கு ஒரு வாரத்துக்கும் குறைவானது. உதிரிப்பாக விலை இறங்கிய உடனே மலிவாக வாங்கி மலிவாக விற்க அதனால் முடிந்தது. ஆயினும் டெல்லும் ஆயிரக்கணக்கான ஊழியரை நிறுத்த நேர்ந்தது. கேட்வே கம்பனியும் ஓடருக்கே கணனி செய்தது. ஆனால் அமெரிக்கா முழுவதும் சொந்தக் கடைகளைத் திறந்திருந்தது. விற்பனை குறைந்தாலும் வாடகையும் சம்பளமும் குறைவதில்லை. அந்த வருடம் அதன் நட்டம் 100 கோடி டொலரைத் தாண்டியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அது வியாபாரத்தை நிறுத்திக்கொண்டது.

2002 இல் விற்பனை சற்று மீண்டது. 2003 இல் நன்றாகவே ஏறியது. தள்ளிப்போட்ட கொள்வனவு அழிந்து போவதில்லை, பிந்தி வருகிறது. அது வரும்வரை கடையைத் திறந்து வைத்திருப்பவருக்கே அந்த இலாபம் கிடைக்கும்.

ஆகவே மந்த காலத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நம் சரக்கு எத்தனை நாளில் காசாகிறது? விற்பனை பாதியானால் மாதச் செலவில் எது குறையும், எது குறையாது? விலை இறங்கும் பொருளைக் கடனுக்கு வாங்கி அடுக்கி வைத்திருக்கிறோமா? மொத்தமாக எடுத்தால் மலிவு என்பது விலை ஏறும் காலத்துக் கணக்கு. விலை இறங்கும் காலத்தில் கொஞ்சமாக எடுத்து அடிக்கடி எடுப்பதே புத்திசாலித்தனம்.