டாக்டர் தேனியில்... நோயாளி சின்னமனூரில்! நடுவில் ஒரு "சிஸ்டர்"!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவருக்குக் கண் மங்கினால், முன்பெல்லாம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தேனிக்கு பஸ் ஏறணும். துணைக்கு மகன் வந்தால் அவன் கூலியும் போச்சு!

இதற்கு வழி தேடித்தான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2004-ல் சின்னச் சின்ன கண் பரிசோதனை மையங்களைத் திறக்க ஆரம்பித்தது. அம்பாசமுத்திரம் (நெல்லைச் சீமை ஊர் அல்ல, தேனி பக்கத்துக் கிராமம்), போடி, சின்னமனூர் என்று 2006-க்குள் 5 மையங்கள் வந்துவிட்டன.

அங்கே டாக்டர் கிடையாது. பிளஸ்-2 முடித்து 2 வருடம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்தான் பார்வையைச் சோதிப்பார், கண் அழுத்தம் அளப்பார். ஊர்க்காரர்களுக்கு அவர் "சிஸ்டர்". தேனியில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் தோன்றி நோயாளியிடம் பேசுவார்.

வில்லன் யார்?

இந்தப் படம் வந்து சேர்ந்தது எப்படி? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வீட்டுக்குள் ஓடும் "வைஃபை"யை கோபுரத்தில் ஏற்றி, பல கிலோமீட்டர் தாண்ட வைத்தார்கள். அவர்களைப் பாடாய்ப் படுத்தியது மலையல்ல, மின்சாரம்! வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கி, கருவிகள் புகைந்தன. அமெரிக்காவில் இருந்து ஆள் வரும்வரை நோயாளி காத்திருப்பாரா? உள்ளூர் ஊழியர்களைத் தயார் செய்தே ஆகணும் என்று 2008-ல் அவர்களே ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள்.

21 சதவீதம் "அவுட்"!

அடுத்து வந்தது கூகுள். சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரே கோளாறைச் சொல்லும் கருவி. மதுரை அரவிந்திலும் சோதித்தார்கள். 2019-ல் வெளியான முடிவு நன்றாகவே இருந்தது.

ஆனால் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்தபோது கதை வேறு. அங்கே படம் எடுத்தவர்கள் நர்சுகள். முதல் 6 மாதத்தில் 1,838 படங்களில் 21 சதவீதத்தை "தெளிவில்லை" என்று கருவி தள்ளிவிட்டது. பல கிளினிக்குகளில் இருட்டறையே இல்லை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? படம் தேறவில்லை என்றால் நோயாளி தூரத்து ஆஸ்பத்திரிக்கு அலையணும். "இந்த ஆய்வில் சேராதீங்க" என்று சில நர்சுகளே நோயாளிகளிடம் சொன்னார்கள்!

பட்டன் அமுக்க மட்டும் பழக்கினால் இதெல்லாம் வெளியே வராது. நோயாளியிடம் சம்மதம் கேட்பது, தேறாத படத்துக்குக் கணக்கு வைப்பது, "இந்தக் கருவி இங்கே சரிப்படாது" என்று எழுதிக் கொடுப்பது, இதையும் சிஸ்டர்களுக்குக் கற்றுத் தரணும்.

தாய்லாந்து நர்சுகளின் புகாரை ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து கேட்டு, 2020-ல் வெளியிட்டார்கள். ஆய்வு விதியும் மாறியது. கருவி தள்ளிய படங்களை கண் நிபுணர் பார்த்த பிறகே, நோயாளியை வெளியூர் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.