வண்டியா, துட்டா? கையெழுத்து போடும் முன் ஒரு கணக்கு!

கேம்பஸ் இன்டர்வியூவில் மூணு ரவுண்டும் தாண்டியாச்சு. சம்பளம் பேசியாச்சு. ஊரும் முடிவாயாச்சு: ‘சேல்ஸ் ஆபீசர், விருதுநகர் ஏரியா’. அப்பாடா, அம்மா கை சாப்பாடு தொடரும்! எழுந்திருக்கும் நேரத்தில் ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி போடுவார். “கம்பெனி வண்டி எடுத்துக்கிறீங்களா, இல்ல அலவன்ஸா வாங்கிக்கிறீங்களா?”

மெப்கோவில் படித்தாலும் சரி, வி.எச்.என்.எஸ்.என்., அய்ய நாடார் ஜானகி அம்மாள், கலசலிங்கம் என்று எங்கே படித்தாலும் சரி, நம்ம பசங்க வாயில் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான். “அலவன்ஸே குடுத்துடுங்க சார்!” மாசாமாசம் கையில் காசு, நம்ம பேரில் வண்டி, ஞாயிற்றுக்கிழமை குற்றாலம். யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அவர் கேட்டது வண்டி வேணுமா காசு வேணுமா என்பதை மட்டும் இல்லை பாஸ். பெட்ரோல் விலை ஏறினால், டயர் வெடித்தால், வேலையே போனால் யார் தலையில் விடியணும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

பெரிய பெரிய அதிகாரிகளுக்கே இந்தக் கேள்வி உண்டு. மத்திய அரசில் சம்பளப் பட்டியலின் 14-ஆம் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஆபீஸ் கார் வைத்துக்கொள்ளும் உரிமை உள்ளவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: காரை வைத்துக்கொள்ளலாம், அல்லது போக்குவரத்துப் படியை வாங்கிக்கொள்ளலாம். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017 ஜூலை 1 முதல் அந்தப் படி மாதம் 15,750 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து கிடையாது. ஆனால் அந்த 15,750-க்கு மேல் அகவிலைப்படியும் உண்டு. அதாவது விலைவாசி ஏற ஏற, அலவன்ஸும் கூடவே ஏறும். இதுதான் விஷயம்! உங்க ஆஃபர் லெட்டரில் இருக்கிற 5,000 ரூபாய் அப்படி ஏறுமா? அடுத்த வருஷமும் அதே 5,000 தானா?

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கிக்கொண்டபோது சென்னையில் லிட்டர் 55 ரூபாய் பக்கம் இருந்தது. 2021 ஜூலையில் அங்கேயே 100-ஐத் தாண்டியது. 2010-ல் ‘பெட்ரோல் அலவன்ஸ் 3,000’ என்று கையெழுத்து போட்டுவிட்டு அதை ஏற்றிக் கேட்காமலே இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 54 லிட்டர் வாங்கின காசு, 30 லிட்டருக்கே சரியாப் போயிருக்கும். ஊர் தூரம் மட்டும் குறையவே இல்லை.

நம்ம பக்கத்தில் ‘கம்பெனி வண்டி’ என்றாலே வேற அர்த்தம். விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகிற வேனும் பஸ்ஸும்தான் அது. அதில் ஏறுகிற அக்காக்களிடம் யாரும் “வண்டியா, அலவன்ஸா?” என்று கேட்டதில்லை. உங்களிடம் கேட்கிறார்கள் என்றால் அதுவே ஒரு வசதி. அதை அவசரப்பட்டு வீணடிக்க வேண்டாம்.

வாங்க, பேப்பரும் பேனாவும் எடுங்க!

விருதுநகரில் கிளம்பி சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று கடைகளைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பினால் ஒரு நாளைக்கு 120, 130 கிலோமீட்டர் ஓடிவிடும். தினமும் அவ்வளவு இருக்காது. சராசரி 80 என்று வைத்து 25 நாள் போட்டால் மாசம் 2,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், கணக்கு சுலபம்.

பைக் லிட்டருக்கு 50 கொடுத்தால் 40 லிட்டர், 4,000 ரூபாய். கம்பெனி அலவன்ஸ் 5,000. ஆஹா, ஆயிரம் மிச்சம்! பொறுங்க. பைக்குக்கு ஒரு லட்சம் கடன், 12 சதவீத வட்டி, மூணு வருஷம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 3,300. சர்வீஸ், டயர், செயின், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாசத்துக்கு 1,200 ஒதுக்குங்க. மொத்தம் 8,500. கம்பெனி கொடுத்ததோ 5,000. மீதி 3,500 உங்க சம்பளத்திலிருந்து போகிறது. கம்பெனிக்கு வேலை பார்க்க கம்பெனிக்கே நீங்க காசு கொடுக்கிற கூத்து!

கார் என்றால் இன்னும் ஜோர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் மட்டும் 12,500. ஐந்து லட்சம் கடன், 10 சதவீதம், ஐந்து வருஷம்: இ.எம்.ஐ. 10,600 சொச்சம். பராமரிப்பு, இன்ஷூரன்ஸுக்கு ஒரு 4,000. ஆக மொத்தம் 27,000. இதில் டோல் சேரவில்லை. மதுரைப் பக்கம் போனால் கப்பலூர், சாத்தூர் பக்கம் போனால் எட்டூர்வட்டம். நெடுஞ்சாலை டோலில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது, காருக்கு உண்டு. ஃபாஸ்டேக்கில் பணம் போடுவது நீங்களா கம்பெனியா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். “கடன் முடிஞ்சா கார் நமக்குத்தானே” என்பீர்கள். நமக்குத்தான். ஆனால் அதற்குள் அது 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அந்த காருக்கு சந்தையில் என்ன மரியாதை கிடைக்கும் என்று ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

இதே கணக்கு தலைகீழாகவும் வரும். வீட்டில் ஏற்கெனவே பைக் இருக்கு, கடன் இல்லை, வேலை விருதுநகர் பஜாருக்குள்ளேயே, மாசம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால்? பெட்ரோல் 1,000, பராமரிப்பு 500. அலவன்ஸ் 5,000-ல் 3,500 சுளையா கையில் நிற்கும். அப்போ கண்ணை மூடிக்கொண்டு அலவன்ஸ்! ஆக, முதலில் தெரிய வேண்டியது அலவன்ஸ் எவ்வளவு என்பது இல்லை. மாசம் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். அதை ஹெச்.ஆரிடம் கேட்காதீங்க, அவர் ஏ.சி. ரூம் ஆள். அந்த ஏரியாவில் இப்போ சுத்துகிற சீனியரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ஆடியில் ஆரம்பம், ஐப்பசியில் அலறல்

நம்ம ஊர் தொழிலுக்கு என்று ஒரு தனிக் குணம் இருக்கு, அது சீசன். சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியாவது ஆடிப்பெருக்கு அன்று. அதைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அதிலிருந்து வருஷக் கடைசி வரை கால் தரையில் நிற்காது. பட்டாசுக்கு தீபாவளிதான் எல்லை. வருஷம் முழுக்க ஒரே தொகை அலவன்ஸ் என்றால், ஓட்டம் குறைந்த மாசத்தில் மிஞ்சியதை எடுத்துவைத்து ஓட்டம் கூடிய மாசத்தில் செலவழிக்க வேண்டும். நாம எடுத்துவைக்கிற ஆளா? உண்மையைச் சொல்லுங்க! கிலோமீட்டர் கணக்கில் காசு தரும் கம்பெனி என்றால் இந்தத் தொல்லை இல்லை. ரெண்டையும் விட இது நல்ல ஏற்பாடு என்பது என் கட்சி. ரேட் எவ்வளவு, எப்போ மாற்றுவார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கணும்.

சீசன் கூட பரவாயில்லை, முன்கூட்டியே தெரியும். கோர்ட் உத்தரவு அப்படி இல்லை. 2018 அக்டோபர் 23-ல் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த நவம்பரிலேயே சிவகாசியில் ஆலைகளை மூடிப் போராட்டம் தொடங்கி, மாதக்கணக்கில் நீடித்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது டூர் என்ற பேச்சே இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ‘டூர் போனால் அலவன்ஸ்’ என்று எழுதியிருந்தால் அலவன்ஸ் நின்றுவிடும். இ.எம்.ஐ. நிற்காது. அந்த வருஷம் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. கம்பெனி வண்டி வைத்திருந்தவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இருந்திருப்பார்.

வேலையை விடும்போதும் இதே கதைதான். முதல் வேலையில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருப்பேன் என்று இப்போ சத்தியம் பண்ண முடியுமா? ஐந்து வருஷக் கடன் கழுத்தில் இருக்கிறவன், நல்ல வேலை வந்தாலும் “அங்கே வண்டி அலவன்ஸ் இல்லையே” என்று தயங்குவான். எனக்கு இதுதான் பெரிய பயம்.

‘டாக்ஸ் மிச்சம்டா மச்சி!’

இப்படிச் சொல்லும் சீனியரின் சம்பளத்தைக் கேளுங்கள். கம்பெனி காரை சொந்த வேலைக்கும் பயன்படுத்தினால் வரிக்காக அதற்கு ஒரு மதிப்பு போடுவார்கள். 2009-க்குப் பிறகு பல வருஷம் இருந்த விதி இது: 1.6 லிட்டர் வரையுள்ள இன்ஜின் என்றால், ஓட்டும் செலவும் கம்பெனியுடையது என்ற பட்சத்தில் மாசம் 1,800 ரூபாய், டிரைவரும் தந்தால் இன்னும் 900. உண்மையான செலவை விட ரொம்பக் கம்மி, அதனால்தான் பெரிய சம்பளக்காரர்களுக்கு கம்பெனி கார் மேல் அவ்வளவு பிரியம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், நீங்கள் சேருகிற வருஷத்துத் தொகையைத்தான் பார்க்கணும்.

ஆனால் உங்களுக்கு? 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி, சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000-ஐயும் சேர்த்தால் 12.75 லட்சம் வரை வரியே வராது. ஆண்டுக்கு மூணு, நாலு லட்சத்தில் சேருகிறவருக்கு டாக்ஸ் ஒரு காரணமே இல்லை. வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு என்று கம்பெனி வண்டியில் போய்வருவதை வரிச் சட்டம் சலுகையாகவே கணக்கில் சேர்க்காது என்பதையும் தெரிஞ்சுக்கோங்க. சென்னைக்குப் போய் ஐ.டி.யில் சேர்ந்து பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இது உதவும். இரவு ஷிப்ட் என்றால் அங்கே யோசனையே வேண்டாம், கம்பெனி வண்டிதான்.

இன்ஷூரன்ஸில் ஒரு சின்ன எழுத்து சமாச்சாரம். வண்டி உங்க பேரில் இருந்தால், ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தும். வண்டி கம்பெனி பேரில் என்றால் அது கிடையாது, கம்பெனி மனுஷன் இல்லையே! அப்போ ஓட்டுகிற உங்களுக்குத் தனிக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று கேட்டே ஆகணும். சொந்தக் கார் என்றால் வேறொரு சிக்கல். தனியார் கார் பாலிசியில் சாம்பிளும் சொந்த லக்கேஜும் கொண்டுபோகலாம், சரக்கு ஏற்றக்கூடாது. “ரெண்டு பெட்டிதானே, டிக்கியில போட்டுட்டுப் போயிடு” என்று மேனேஜர் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் பட்டாசு என்றால் சிரிக்கக்கூட வேண்டாம்.

கம்பெனி வண்டி மட்டும் சொர்க்கமா என்ன! ஜி.பி.எஸ். இருந்தால் டீக்கடையில் எத்தனை நிமிஷம் நின்றீர்கள் என்பது வரை மேனேஜருக்குத் தெரியும். கதவில் கம்பெனி பேரை ரெண்டடி உயரத்துக்கு எழுதியிருப்பார்கள், அதில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போக முடியாது. கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பவர்களும் உண்டு. டிராஃபிக் ஃபைன் கம்பெனிக்குப் போய் அங்கிருந்து உங்களுக்கு வரும். இதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் எரிச்சல் வேறு, கடன் வேறு.

அதனால் மாசம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், வீட்டில் வண்டி இல்லை, இது முதல் வேலை என்ற மூணும் சேர்ந்தால் நான் கம்பெனி வண்டி பக்கம். அந்த இ.எம்.ஐ. இல்லாத காசை மூணு வருஷம் சேர்த்தால் பைக்கை ரொக்கமாகவே வாங்கிவிடலாம்.

“நாளைக்குள்ள சொல்லுங்க” என்று ஹெச்.ஆர். அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். அன்று ராத்திரியே மரியாதையாக ஒரு மெயில் தட்டுங்கள். “சார், இந்த ஏரியாவில் மாதச் சராசரி ஓட்டம் எவ்வளவு, அலவன்ஸை எப்போது மறுபரிசீலனை செய்வீர்கள், டூர் இல்லாத மாதமும் லீவிலும் அது உண்டா, ஒரு வருடம் கழித்து வண்டியிலிருந்து அலவன்ஸுக்கு மாற முடியுமா?” பதில் மெயிலில் வரட்டும், போனில் வேண்டாம்.