உங்களுக்குத் தெரியுமா? உயரம் குறைந்தவருக்கு ஏற்ற முதல் மோட்டார்

மலேசியாவின் கலும்பாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓடும் கப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிளுக்கு மூதாதை, 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருப்பதால் முன்பக்கம் தாழ்ந்திருக்கும். காலை உயரத் தூக்கிப் போடாமலே ஏறலாம். பெரும்பாலான கப்சாய்களில் கிளட்ச் பிடியும் கிடையாது. என்ஜின் வேகமெடுக்கும்போது கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். புதிதாக ஓட்டப் பழகும் குட்டையானவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை.

கடையில் இருக்கையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அகலமும் முக்கியம். அகன்ற இருக்கை தொடைகளை விரித்து, கால் தரைக்கு எட்டாமல் செய்துவிடும். வழக்கமாகப் போடும் காலணியோடு உட்கார்ந்து, இரண்டு முன்பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்று பாருங்கள். 250 சிசி வரை ஓட்ட பி2 உரிமம் போதும். 16 வயது நிறைந்தவர் எடுக்கலாம்.