யாங்கோனில் நெட் நின்றால்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், பொறுமையாகப் பார்ப்போம். யாங்கோனில் ஒரு வீட்டில் நெட் நின்றால் காரணம் பெரும்பாலும் நாலு விதமாக இருக்கும். கரண்ட் போயிருக்கலாம். தெருவில் வரும் பைபர் லைன் அறுந்திருக்கலாம். வைஃபை அந்த அறை வரைக்கும் எட்டாமல் இருக்கலாம். நீங்கள் தேடும் தளத்தையே அரசு மூடி வைத்திருக்கலாம். திரையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: பக்கம் திறக்காது. நம்மவர்கள் உடனே கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிப்போய் விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மேல்தொட்டியைப் பார்த்து, பிறகு தெருக் குழாயைப் பார்ப்போம் இல்லையா? இங்கேயும் எந்த இடத்தில் நின்றது என்று முதலில் தெரிய வேண்டும்.

சுவரோரம் பைபர் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். அதில் பிஓஎன், எல்ஓஎஸ் என்று இரண்டு விளக்குகள் இருக்கும். பிஓஎன் பச்சையாக, விட்டுவிட்டு மின்னாமல் எரிந்தால் லைன் சரி. எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஒளி உங்கள் வீடு வரை வரவில்லை. பைபர் என்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினாலே ஒளி வெளியே போய்விடும். பீரோவுக்குப் பின்னால் கம்பி நசுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் அறுந்தது வெளியே. டவுன்டவுன் கட்டடங்களின் முகப்பில் கேபிள்கள் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வீட்டு லைனைச் சரிபார்க்க வந்தவர் அடுத்த வீட்டு லைனை இழுத்துவிட்டுப் போவது எளிது. நெட் கம்பெனிக்குப் போன் செய்து, "நெட் வரவில்லை" என்பதற்குப் பதிலாக "எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது" என்று சொல்லுங்கள். உங்கள் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி நேரத்தைக் கடத்தாமல் லைன் பார்க்கும் ஆளை அனுப்ப அதுவே போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று இருக்கும். அதைக் குத்தாதீர்கள். பவரை அணைத்துப் போடுவது வேறு, அந்தத் துளையைக் குத்துவது வேறு. குத்தினால் கம்பெனி போட்டுக்கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். அரை மணி நேரத் தடங்கல் மூன்று நாள் தடங்கலாகிவிடும்.

அடுத்தது கரண்ட். முறை வைத்துக் கரண்ட் நிறுத்தும் நம் ஊரில் இதுதான் பாதிக் கதை. பல வீடுகளில் பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் போதும். தெருவில் லைனைப் பிரித்துக் கொடுக்கும் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. கம்பெனி நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடினால், உங்களிடம் கையடக்கமான ஒரு டிசி யுபிஎஸ் இருந்தாலே போதும். இருட்டிலும் நெட் இருக்கும். வாங்குமுன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். சிலது 9 வோல்ட். மாற்றிச் செருகினால் கருகிவிடலாம்.

கரண்ட் அடிக்கடி போவதால் வரும் இன்னொரு தொல்லையைப் பலர் கவனிப்பதில்லை. பழைய டெஸ்க்டாப்பின் உள்ளே காசு வடிவில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வரும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதியை வைத்தே சரிபார்க்கப்படுவதுதான் காரணம். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பேட்டரியின் பெயர் சிஆர் 2032, மலிவானது.

விளக்குகள் பச்சை, தேதியும் சரி, இன்னும் வரவில்லையா? கம்ப்யூட்டரை ஒரு கேபிளால் நேராக ரவுட்டரில் செருகுங்கள். வந்துவிட்டால் குறை வைஃபையில்தான். பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம் என்று நீண்டு கிடக்கும் நம் பிளாட்களில், வாசலில் வைத்த ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சமையலறை வரை போகாது. 2.4 சிக்னலுக்கு மாறுங்கள், அல்லது ரவுட்டரை நடு அறைக்குக் கொண்டுவாருங்கள்.

கேபிளிலும் வரவில்லை என்றால் விண்டோஸில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டுங்கள். உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. அதை அணைத்து, இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால் அங்கேயே 'பிங் 8.8.8.8' என்று தட்டுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளம் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் சிக்கல் இருக்கலாம். அதை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

அப்போதும் முகநூல் மட்டும் திறக்காவிட்டால் உங்கள் மேல் தப்பில்லை. 2021 பிப்ரவரி 1 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின், 4ஆம் தேதி முகநூலையும் 5ஆம் தேதி ட்விட்டரையும் இன்ஸ்டாகிராமையும் மூடினார்கள். 15ஆம் தேதி முதல் இரவு 1 மணிக்கு நெட்டையே நிறுத்திக் காலை 9க்குத் திறந்தார்கள். மார்ச் 15இல் மொபைல் டேட்டாவும் ஏப்ரல் 2இல் வயர்லெஸ் நெட்டும் நின்றன; பைபர் வைத்திருந்த வீடுகள்தான் மிஞ்சின. 2024 மே இறுதியிலிருந்து, தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன்களையும் தடுக்கிறார்கள். அனுமதி இல்லாமல் விபிஎன் சேவை நடத்துவதைக் குற்றமாக்கும் சைபர் சட்டம் 2025 ஜனவரி 1இல் இயற்றப்பட்டது. போனில் விபிஎன் இருக்கிறதா என்று தெருவில் நிறுத்திப் பார்த்த செய்திகளும் வந்தன. அதனால், யாரோ அனுப்பிய விபிஎன் செயலிகளை எல்லாம் போனில் ஏற்றாதீர்கள்.

முன்பு எப்போதோ போட்ட விபிஎன்னும் வம்பு செய்யும். அதன் சர்வர் தடுக்கப்பட்ட பிறகும், விண்டோஸில் 'ப்ராக்ஸி' என்ற இடைவழி அமைப்பு அணையாமலே இருந்துவிடலாம். அப்போது லைன் நன்றாக இருந்தும் ஒரு பக்கம்கூட வராது. அமைப்புகளில் நெட்வொர்க், ப்ராக்ஸி என்று போய் அதை அணையுங்கள்.

மலேசியாவிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகளோடு பேச முடியவில்லை என்று தவிக்கும் பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், இந்த வழியில் நீங்களே ஒரு முறை அவர்களுக்குப் பார்த்துக்கொடுங்கள். வாடிக்கையாளர் எண்ணையும் கம்பெனி போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.