அற்றுப்போன ஆண்வழிகள்

ஏறத்தாழ 7,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் பல பகுதிகளில் தந்தைவழிகள் கொத்துக்கொத்தாக அற்றுப்போயின. அதே காலத்தில் தாய்வழிகளுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. 2015இல் மோனிகா கார்மினும் அவருடைய சக ஆய்வாளர்களும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 456 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு இதை வெளியிட்டார்கள். பஞ்சம், கொள்ளைநோய் என எதை வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. ஆண்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொல்லும் பஞ்சம் எங்கே இருக்கிறது?

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் தம் இணையோடு துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒய்யின் இரு நுனிகளைத் தவிர மீதிப் பகுதி அப்படிக் கலப்பதில்லை. எப்போதாவது ஒரு திடீர்மாற்றம் நேர்ந்தால், அது அந்த வழியில் பிறக்கும் ஆண்கள் அத்தனை பேரிடமும் அடையாளமாக நின்றுவிடும். ஒரு கோடி டி.என்.ஏ. எழுத்துகளை எடுத்துக்கொண்டால், சுமார் 130 ஆண்டுகளுக்கு ஒரு மாற்றம் என்பது இன்றைய மதிப்பீடு. சைபீரியாவின் உஸ்த்-இஷிமில் கிடைத்த, 45,000 ஆண்டுகள் பழைமையான ஓர் ஆணின் எலும்பு இந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவியது. இரண்டு ஆண்களின் ஒய்யில் எத்தனை மாற்றங்கள் வேறுபடுகின்றன என்று எண்ணினால், அவர்களுடைய பொது முப்பாட்டன் எந்தக் காலத்தவர் என்று சொல்லிவிடலாம். தாய்வழிக்கு இதே வேலையை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. செய்கிறது.

ஆண்வழிகள் மிகவும் ஒடுங்கிய கட்டத்தில் விகிதம் 17 பெண்களுக்கு ஓர் ஆண் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒருவன் 17 மனைவியரோடு வாழ்ந்தான் என்றே பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். அது தவறு. இந்த எண் அன்று உயிரோடிருந்த ஆண்களின் தொகை அல்ல. யாருடைய வழி இன்றுவரை அறாமல் வந்திருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. அன்றும் ஆண்கள் ஏறக்குறையப் பெண்கள் அளவுக்கே இருந்திருப்பார்கள்; மணந்திருப்பார்கள்; பிள்ளை பெற்றிருப்பார்கள். ஆனால் பெரும்பாலோரின் ஆண்வழி பின்னர் எங்கோ முடிந்துபோனது.

ஏன் என்பதற்கு 2018இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஒரு விடை வந்தது. அங்கு இளநிலை மாணவர்களாக இருந்த தியான் சென் ஸெங், ஆலன் ஆவ் இருவரும் பேராசிரியர் மார்கஸ் ஃபெல்ட்மனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. தமிழ் வாசகருக்கு அது எளிதில் விளங்கும். பங்காளிகள் என்றால் யார் என்று நமக்குத் தெரியும். ஓர் ஊரில் வாழும் ஆண்கள் அனைவரும் பங்காளிகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே ஒய். ஆனால் அவர்களுடைய மனைவியர் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு குடிகளில் பிறந்தவர்கள். ஒரு குடி இன்னொன்றோடு மோதி அழிந்தால் ஓர் ஒய் வழி மொத்தமாக மறைகிறது. பெண்களின் வழிகளோ பல குடிகளில் பரவிக் கிடப்பதால் தப்பிவிடுகின்றன.

2024இல் பாரிஸ் ஆய்வாளர்கள் போரே தேவையில்லை என்று காட்டினார்கள். பெருகிய குடி பிரியும்போது நெருங்கிய உறவினர் ஒரு பக்கமாகவே பிரிகிறார்கள். அண்ணன் பிள்ளைகள் ஓரிடம், தம்பி பிள்ளைகள் வேறிடம். ஒவ்வொரு கிளையிலும் ஒய் வகைகள் குறைந்துகொண்டே வரும். வசதியும் மதிப்பும் உள்ள கிளை தலைமுறைதோறும் பெருக, நலிந்த கிளை தானாகவே தேயும். கணினியில் இதை ஓட்டிப் பார்த்தபோது சண்டையில்லாமலே அதே ஒடுக்கம் வந்தது. எனக்கு இந்த விளக்கமே கூடுதல் நம்பிக்கை தருகிறது. அந்தக் காலத்தில் படுகொலைகள் நடக்கவில்லை என்பதல்ல. உலகின் பல பகுதிகளில் தெரியும் ஒரு போக்குக்கு, எங்கும் அன்றாடம் நடக்கக்கூடிய காரணமே பொருந்தும்.

இரு விளக்கங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆண்கள் பிறந்த ஊரிலேயே இருக்க, பெண்கள் மணமாகிப் போனார்கள். அதைக் கண்ணால் பார்க்க பிரான்சில் குர்ஜி என்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே சுமார் 6,500 ஆண்டுகளுக்கு முந்தைய இடுகாடு ஒன்றில் 94 பேரின் டி.என்.ஏ. எடுக்கப்பட்டது. 2023இல் வெளியான ஆய்வு, அவர்களில் 64 பேரை ஏழு தலைமுறை நீளும் ஒரே குடும்ப மரத்தில் சேர்த்தது. மரம் தந்தை, மகன், பேரன் என்றே வளர்கிறது. மூதாதையான ஆணின் எலும்புகள் முதலில் வேறெங்கோ புதைக்கப்பட்டு, பிறகு இங்கே கொண்டுவரப்பட்டிருந்தன. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்களைத்தான் அங்கே பெரும்பாலும் காணோம். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களோ ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினர் அல்லர்.

ஒய்யை வைத்துக் குலப்பெருமை பேசுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்துத் தலைமுறை பின்னே போனால் நம் முன்னோர் வரிசையில் 1,024 இடங்கள் இருக்கும். அவற்றில் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் ஒய் பேசும். மீதி 1,023 பேரும் நமக்கு அவரளவு நெருக்கமானவர்களே.

நம் பக்கத்துக் கதை இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. 26 மக்கள் குழுக்களின் 1,244 ஆண்களை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் இருந்தனர். தெற்காசியாவில் 4,500 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆர்1ஏ என்ற ஆண்வழியின் ஒரு கிளை திடீரெனப் பல்கிப் பெருகியதை அது காட்டியது. ஆனால் அது இன்றைய ஆண்களிடமிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. நேரடிச் சான்றுக்குப் பழைய எலும்புகள் வேண்டும். வெப்பமும் ஈரமும் அவற்றிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகின்றன. ஹரியானாவில் உள்ள ராகிகடி என்ற சிந்துவெளி ஊரின் இடுகாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை முயன்றதில், 2019இல் ஒன்றிலிருந்து மட்டுமே மரபணுத் தொகுதியைப் பெற முடிந்தது. அந்த எலும்புக்கு உரியவர் ஒரு பெண். சிந்துவெளி மக்களின் முன்னோர் பற்றி அவர் நிறையச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவரிடம் ஒய் குரோமோசோம் இல்லை.