மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகும் கதைகள்: டீன்ஏஜ் பிள்ளைகளுக்குக் கைகொடுக்குமா 'ஹீரோஸ் ஜர்னி'?

பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு இந்தக் காட்சி நல்ல பழக்கம். முதல் பக்கம் அமர்க்களமாக இருக்கும். மழை, கரண்ட் கட், கதவு தட்டும் சத்தம். இரண்டாம் பக்கத்தில் இன்னும் நாலு பேர் வந்து சேர்வார்கள். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிடும். "அப்புறம் என்ன ஆகும்னு தெரியல... எல்லாமே கனவுன்னு முடிச்சிடட்டுமா?"

கற்பனைக்குப் பஞ்சமே இல்லை. கதை எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை. இந்த இடத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் பல ஆசிரியர்கள் கையில் எடுப்பது 'ஹீரோஸ் ஜர்னி'. தமிழில் நாயகனின் பயணம் எனலாம்.

எங்கிருந்து வந்தது?

நியூயார்க்கில் சாரா லாரன்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் ஜோசப் கேம்ப்பெல். உலகப் புராணங்களை ஒப்பிட்டுப் படித்து, 1949-ல் 'தி ஹீரோ வித் எ தவுசண்ட் ஃபேசஸ்' என்ற நூலை எழுதினார். ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான், சோதனைகளைச் சந்திக்கிறான், மாறிப்போய்த் திரும்புகிறான். இந்த மூன்று அசைவுகளை 17 கட்டங்களாக அவர் பிரித்தார். அரண்மனையை விட்டுப் போய், ஞானம் பெற்று, ஊருக்குச் சொல்லத் திரும்பிய புத்தரின் கதையும் அவர் எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இந்த நூல் உதவியதாக ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். பிறகு, டிஸ்னியில் வேலை பார்த்த கிறிஸ்டோஃபர் வோக்லர், 1980-களின் நடுவில் கேம்ப்பெல் சொன்னதை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். அது ஸ்டுடியோ ஸ்டுடியோவாகக் கைமாறி, 1992-ல் புத்தகமாகவும் வந்தது. வகுப்பறைகளில் இன்று அதிகம் புழங்குவது அவருடைய 12 கட்டங்கள்தான்: வழக்கமான உலகம், அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி, வாசல் தாண்டுதல், சோதனைகளும் கூட்டாளிகளும், குகையை நெருங்குதல், பெரும் சோதனை, பரிசு, திரும்பும் வழி, மறுபிறப்பு, அமுதத்தோடு வீடு சேர்தல்.

பட்டியலை அப்படியே கொடுத்தால்?

சொதப்பும். 12 கட்டங்களையும் போர்டில் எழுதிப்போட்டு "நிரப்புங்க" என்றால் வகுப்பில் முப்பது பேரும் மந்திரவாதி, வாள், டிராகன் என்று ஒரே கதையைத்தான் எழுதுவார்கள். காரணம் எளிது. அவர்கள் பார்த்த படங்களில் 'ஹீரோ' அப்படித்தான் இருக்கிறான்.

வேறு ஒரு கேள்வியில் தொடங்கலாம். உன் பாத்திரத்துக்கு எதைக் கண்டால் பயம்? 'ஃபைண்டிங் நீமோ'வில் அப்பா மீனுக்குக் கடல் என்றாலே பயம். கதை அவரை நடுக்கடலுக்கே அனுப்புகிறது. அந்தப் பயம் பிடிபட்டுவிட்டால் பயணம் எங்கே போக வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஒரு திட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். பதினைந்து வயதுப் பெண். ஸ்கூல், டியூஷன், வீடு; தனியாக பஸ் ஏறியதே இல்லை. ஒருநாள் மதியம் ஞாபகமறதி உள்ள பாட்டியைக் காணோம். இது அழைப்பு. "அப்பா வரட்டும், பார்த்துக்கலாம்" என்று அவள் உட்கார்ந்துவிடுகிறாள். இது மறுப்பு.

பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிக் குதிப்பது இந்த மறுப்பைத்தான். அழைப்பு வந்த அடுத்த வரியிலேயே ஹீரோ கிளம்பிவிடுவான். ஆனால் அவள் தயங்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவள் யார் என்று வாசகருக்குத் தெரிகிறது. இங்கே ஒரு பக்கம் கூடுதலாக எழுதச் சொன்னாலும் தப்பில்லை.

அப்பா போனை எடுக்கவில்லை. பாட்டி பழைய வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. பஸ் ஏறுகிறாள், வாசல் தாண்டியாயிற்று. வழிகாட்டி தாடி வைத்த முனிவராக இருக்க வேண்டியதில்லை. எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொல்லும் கண்டக்டர் போதும்.

அடுத்து, பெரும் சோதனை எது? "பாட்டியைக் கண்டுபிடிக்கிறது" என்றுதான் முதலில் பதில் வரும். கொஞ்சம் தோண்டினால் வேறொன்று கிடைக்கும். பழைய வீட்டுத் திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். பேத்தியை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்கிறார். பஸ் பயமெல்லாம் சும்மா. அவள் சந்திக்க வேண்டியிருந்தது இதைத்தான். அங்கிருந்து அவள் பாட்டியை எப்படி வீட்டுக்குக் கூட்டிவருகிறாள், பேத்தியாகவா, வழித்துணைக்கு வந்த யாரோ ஒரு பெண்ணாகவா என்பதில்தான் மிச்சக் கதை இருக்கிறது.

கட்டங்களைத் தனித்தனி சீட்டில் எழுதித் தரையில் பரப்புவது நல்ல உத்தி. நோட்டில் வரிசையாக எழுதியதை அழிக்க மனசு வராது. சீட்டை நகர்த்துவது சுலபம். பெரும் சோதனையை முதலில் எழுதிவிட்டு, பின்னோக்கிப் போய் ஆரம்பத்தைத் திட்டமிடலாம். இரண்டு பக்கச் சிறுகதைக்கு 12 கட்டம் தாங்காது. அழைப்பு, மறுப்பு, சோதனை, திரும்புதல் என நாலு சீட்டு போதும்.

எல்லாக் கதைக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இந்தப் பயணம் ஆண் நாயகனை மனதில் வைத்தே செய்யப்பட்டது என்ற விமர்சனம் பழையது. மௌரீன் மர்டாக் 1990-ல் 'தி ஹீரோயின்ஸ் ஜர்னி' என்று பெண்ணுக்கான வேறு பாதையையே வரைந்தார். ஜப்பானில் 'கிஷோதென்கெட்சு' என்ற நாலு பகுதி அமைப்பு உண்டு: அறிமுகம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. அதில் எதிரியோ சண்டையோ கட்டாயமில்லை.

ஆசிரியருக்கு உண்மையான சிக்கல் வருவது, வீட்டை விட்டு எங்கும் போகாத ஒருவரைப் பற்றி ஒரு மாணவி நல்ல கதை எழுதிக்கொண்டு வரும்போது. "இதுல மென்டார் எங்கே, பரிசு எங்கே?" என்று மார்க் குறைத்தால் அவள் அடுத்த கதையில் டிராகனைக் கொண்டுவந்துவிடுவாள். அந்த மாதிரிக் கதைக்குச் சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வரியில் இருப்பவர் முதல் வரியில் இருந்தவரிடமிருந்து எதில் வேறுபடுகிறார் என்று மட்டும் அவளிடம் கேட்கலாம்.